வாய்ப்புற்று ஆபரேஷனுக்குப் பின் "திரும்ப வருமா" பரிசோதனைகள்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்

கன்னத்திலோ நாக்கிலோ இருந்த கட்டியை எடுத்தாயிற்று. கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுத்தாயிற்று. தையல் பிரிக்கப் போகும் நாளில் வீட்டார் கேட்பது ஒரே கேள்விதான்: "திரும்ப வருமா டாக்டர்?" அதற்கு விடை சொல்வதாக விளம்பரப்படுத்தும் பரிசோதனைகளைத் தனியார் லேபுகள் இப்போது தனித்தனியாகவும் பேக்கேஜாகவும் தருகின்றன. திசுவில் நிறமேற்றிப் பார்க்கும் பி53, கி-67, சைக்ளின் டி1, இஜிஎஃப்ஆர் போன்ற ஐஹெச்சி மார்க்கர்கள், பி16, பிடி-எல்1, பல மரபணுக்களை ஒரே நேரத்தில் படிக்கும் என்ஜிஎஸ் பேனல், இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் சிடிடிஎன்ஏ. இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,43,000 பேருக்குப் புதிதாக உதடு, வாய்ப்புற்று வந்ததாக உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. இத்தனை பேருக்கு முன்னால் வைக்கப்படும் சேவையைக் கறாராக மதிப்பிட்டே ஆக வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மார்பகப் புற்றில் 21 மரபணுப் பரிசோதனையைப் பார்த்துக் கீமோ வேண்டுமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறார்கள். வாய்ப்புற்றில் அதற்கு இணையான ஒன்று இன்றைக்கு இல்லை. ரேடியேஷன் தேவையா, அதோடு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்க்க வேண்டுமா என்பதை எந்த மூலக்கூறு மார்க்கரும் தீர்மானிப்பதில்லை. தீர்மானிப்பது பதாலஜி ரிப்போர்ட். ஆகவே எந்தப் பரிசோதனையை நீட்டினாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: பாசிட்டிவ் வந்தால் என்ன மாறும், நெகட்டிவ் வந்தால் என்ன மாறும்? இரண்டுக்கும் "ஒன்றும் மாறாது" என்பதே பதில் என்றால் அந்தப் பணம் பல் வைத்தியத்துக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் சத்தான சாப்பாட்டுக்கும் போகட்டும்.

முதலில் கையில் இருக்கும் ரிப்போர்ட்டைப் பாருங்கள்

மரபணு லேபுக்குப் போன் செய்வதற்கு முன், ஆபரேஷனில் எடுத்த திசுவின் ரிப்போர்ட் முழுமையாக இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். திரும்ப வரும் அபாயத்தைச் சொல்லும் செய்திகளில் மிகப் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. அதற்குத் தனிக் கட்டணமும் இல்லை.

கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது மில்லிமீட்டரில் இருக்க வேண்டும். எட்டாம் பதிப்பு ஏஜேசிசி (அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக் குழு) நிலைப்படுத்தலில் 5 மி.மீ., 10 மி.மீ. ஆகிய இரண்டும் எல்லைக்கோடுகள். கட்டியின் அகலத்தையும் இந்த ஆழத்தையும் சேர்த்தே டி நிலையை, அதாவது கட்டி எவ்வளவு முற்றியது என்பதைக் குறிக்கிறார்கள். வெட்டிய ஓரம் கட்டியிலிருந்து எத்தனை மி.மீ. என்பது ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக வேண்டும். 5 மி.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாகச் சுத்தமான ஓரம் என்பார்கள். வெறுமனே "மார்ஜின் ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் அது பாதிப் பதில்தான். வாயின் சவ்வு வெட்டியதுமே சுருங்கும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். சர்ஜன் ஒரு சென்டிமீட்டர் விட்டு வெட்டினாலும் ஸ்லைடில் அது 6, 7 மி.மீ. ஆகத் தெரியலாம். நரம்பைச் சுற்றிப் பரவல், இரத்த, நிணநீர்க் குழாய்களில் பரவல், எத்தனை நெறிக்கட்டியில் எத்தனை பாதிப்பு, நெறிக்கட்டியின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா என்பவையும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் ரிப்போர்ட்டிலேயே அதிக எடை உள்ளது. உறை கிழிந்திருந்தாலோ வெட்டிய ஓரத்தில் புற்று இருந்தாலோ ரேடியேஷனோடு சிஸ்பிளாட்டினும் சேர்க்க வேண்டும் என்பதை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் நிலைநாட்டின. இரண்டுமே 2004இல் வெளிவந்தவை. எந்த மரபணு மார்க்கரும் இந்த இடத்தை இன்னும் பிடிக்கவில்லை.

கட்டியின் முன்விளிம்பு எப்படிப் பரவுகிறது என்பதையும் எழுதச் சொல்லலாம். முதன்மைக் கட்டியிலிருந்து 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தள்ளிச் சிறு சிறு தீவுகளாகப் புற்றணுக்கள் சிதறியிருந்தால் அது மோசமான வகை. பல ரிப்போர்ட்டுகளில் இந்த வரியே இருப்பதில்லை. பழைய ஸ்லைடையே மறுபடி பார்த்து எழுதிவிடலாம், புதுப் பரிசோதனை வேண்டியதில்லை.

ஐஹெச்சி பேக்கேஜ்: தேவையில்லை

பி53, கி-67, சைக்ளின் டி1, இஜிஎஃப்ஆர் எல்லாவற்றையும் சேர்த்து "ரெக்கரன்ஸ் பேனல்" என்று பெயர் வைத்துத் தருவதைப் பரிந்துரைக்க முடியாது. இவை ஒவ்வொன்றைப் பற்றியும் ஆய்வுகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் ஓர் ஆய்வில் 10 சதவீதம் செல்கள் நிறமேறினால் பாசிட்டிவ், இன்னொன்றில் 50 சதவீதம். ஒன்றில் நாக்கு மட்டும், இன்னொன்றில் தொண்டை, குரல்வளை எல்லாம் கலந்தது. மார்க்கர் ஆய்வுகளை எப்படி எழுத வேண்டும் என்று 2005இல் தனி விதிமுறையே வகுக்க வேண்டி வந்ததற்கு இந்தக் குழப்பமும் காரணம்.

பி53 ரிப்போர்ட்டைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். "பி53: நெகட்டிவ்" என்று ஒரு வரி வரும். வீட்டில் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். உண்மையில் அது கெட்ட செய்தியாகவும் இருக்கலாம். டிபி53 மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் பழுதான புரதம் அழியாமல் தேங்கி, செல்லின் உட்கரு அடர் பழுப்பாக நிறமேறும். ஆனால் மரபணுவே பாதியில் அறுந்துபோனால் புரதம் உருவாகவே உருவாகாது, கட்டி முழுக்கப் பழுப்பு நிறமேறாமல் இருக்கும். பக்கத்தில் உள்ள சாதாரண செல்களில் அங்கங்கே லேசாக நிறம் இருந்து, கட்டியில் மட்டும் அறவே இல்லை என்றால் அதுவும் பழுதுதான். அதனால் சதவீதம் மட்டும் எழுதி, "சாதாரண அமைப்பா, பழுதான அமைப்பா" என்று எழுதாத பி53 ரிப்போர்ட்டால் பயனில்லை. சரியாக எழுதினாலும் எவ்வளவு பயன்? ஹெச்பிவி (பாப்பிலோமா வைரஸ்) தொடர்பில்லாத தலை, கழுத்துப் புற்றுகளில் பத்தில் எட்டுக்கு மேல் டிபி53 பழுதாகியே இருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை வைத்து யாருக்குத் திரும்ப வரும் என்று பிரிப்பது கடினம். 2007இல் 420 நோயாளிகளை வைத்து வந்த பெரிய ஆய்வு, புரதத்தின் வேலையை முழுதாகக் குலைக்கும் வகைப் பழுது இருந்தால் ஆயுள் குறைகிறது என்று காட்டியது உண்மை. அது மரபணுவின் எழுத்துகளைப் படித்துச் சொன்ன முடிவு. நிறமேற்றிப் பார்த்தது அல்ல.

பி16 (ஹெச்பிவியின் அடையாளமாகப் பார்க்கப்படும் புரதம்) இன்னும் தெளிவான விஷயம்: வாய்க்குழிப் புற்றுக்கு வேண்டாம். டான்சில், நாக்கின் அடிப்பகுதி போன்ற தொண்டைப் புற்றுகளில்தான் அது நிலையையும் ஆயுள் மதிப்பீட்டையும் மாற்றுகிறது. அமெரிக்கப் பதாலஜிஸ்டுகள் கல்லூரியின் 2018 வழிகாட்டுதல், தொண்டைக்கு வெளியே உள்ள தலை, கழுத்துப் புற்றுகளில் ஹெச்பிவி பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே சொல்கிறது. பாக்கும் புகையிலையும் ஒதுக்கி வைத்துக் கன்னத்தில் வந்த புற்றுக்குப் பி16 எடுப்பது வீண். இரத்தத்தில் ஹெச்பிவி டிஎன்ஏவைத் தேடும் சோதனைகளும் அப்படித்தான். அவற்றில் வரும் "நெகட்டிவ்" வாய்ப்புற்று நோயாளிக்கு எந்த உறுதியும் தராது.

பிடி-எல்1: எடுக்கலாம், ஆனால் ஆபரேஷனுக்கு முன்னால்

இந்தப் பட்டியலில் உண்மையிலேயே மருந்தை மாற்றும் மார்க்கர் இது ஒன்றுதான். ஆனால் இது திரும்ப வருமா என்று கணிப்பதற்கானது அல்ல. பெம்ப்ரோலிசுமாப் என்ற, நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்து பயன்படுமா என்பதற்கானது. கீநோட்-689 ஆய்வில், வெட்டி எடுக்கக்கூடிய, முற்றிய தலை, கழுத்துப் புற்று உள்ளவர்களுக்கு ஆபரேஷனுக்கு முன் இரண்டு டோஸ், பின்னர் ரேடியேஷனோடும் அதன் பிறகும் இந்த மருந்தைக் கொடுத்தபோது, நோய் மீளாமல் இருந்த காலத்தின் நடுமதிப்பு 30.4 மாதத்திலிருந்து 51.8 மாதமாகக் கூடியது. 2025 ஜூனில் அமெரிக்காவின் மருந்து ஒப்புதல் அமைப்பான எஃப்டிஏ, சிபிஎஸ் மதிப்பு (கட்டியிலும் அதைச் சுற்றியுள்ள நோயெதிர்ப்பு அணுக்களிலும் பிடி-எல்1 எவ்வளவு என்ற கணக்கு) 1 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கு இதை அனுமதித்தது.

இங்கேதான் தவறு நடக்கிறது. ஆபரேஷன் முடிந்த பிறகு பிடி-எல்1 எடுத்தால் அந்த முன்சிகிச்சைக்கான நேரம் கடந்துவிட்டது. முதல் பயாப்சித் துண்டிலேயே எடுத்திருக்க வேண்டும். அதனால் பயாப்சி எடுக்கும்போதே போதுமான திசு கேளுங்கள். சிபிஎஸ் கணக்கிடக் குறைந்தது 100 உயிருள்ள புற்றணுக்கள் ஸ்லைடில் இருக்க வேண்டும். புண்ணின் நடுவில் செத்த திசுவைக் கிள்ளி எடுத்தால் அது கிடைக்காது, விளிம்பிலிருந்து எடுக்க வேண்டும். ரிப்போர்ட்டில் சிபிஎஸ் எண்ணும், எந்த ஆன்டிபாடி குளோன் என்பதும் இருக்க வேண்டும். "பிடி-எல்1 பாசிட்டிவ்" என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு வராதீர்கள். மருந்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது என்பதையும் பரிசோதனைக்கு முன்பே பேசிவிடுவது நல்லது.

என்ஜிஎஸ் பேனல்: இப்போது வேண்டாம், பிளாக்கைப் பத்திரப்படுத்துங்கள்

2013இல் இந்தியக் குழு, ஈறு-கன்னப் புற்றுக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்து வெளியிட்டது. டிபி53, ஃபேட்1, கேஸ்ப்8, ஹெச்ராஸ், நாட்ச்1 ஆகியவற்றோடு யூஎஸ்பி9எக்ஸ், எம்எல்எல்4, ஏரிட்2 போன்ற புதியவையும் அதில் தெரியவந்தன. நம் ஊர்ப் பாக்கு-புகையிலைப் புற்றின் உயிரியலைப் புரிந்துகொள்ள மிக முக்கியமான வேலை அது. ஆனால் ஆபரேஷன் முடிந்து நோய் அறிகுறியே இல்லாதவரிடம் இந்தப் பட்டியலை நீட்டினால் சிகிச்சையில் எதுவும் மாறாது. கட்டியில் கேஸ்ப்8 பழுது இருக்கிறது என்று தெரிந்து டாக்டர் என்ன செய்வார்?

பேனல் உண்மையில் உதவும் இடம் வேறு. மூன்று வருஷம் கழித்து வாயில் இன்னொரு புண் வருகிறது. இது பழைய புற்று திரும்பியதா, புதிதாக முளைத்ததா? புகையிலை வாய் முழுவதையும் கெடுத்து வைப்பதால் இரண்டும் நடக்கும். 1953இலேயே இதைப் புலப் புற்று என்று விவரித்துவிட்டார்கள். பழைய கட்டியிலும் புதியதிலும் டிபி53 பழுது ஒரே எழுத்தில் இருந்தால் அது பழையதன் தொடர்ச்சி, வேறு வேறு இடத்தில் இருந்தால் பெரும்பாலும் புதியது. சிகிச்சையின் போக்கே இதனால் மாறலாம். இதற்குப் பழைய பிளாக் (மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசு) வேண்டும். ஆகவே இன்றைக்குப் பேனலுக்குக் கொடுக்கும் பணத்தை மிச்சம் பிடித்து, பிளாக் எண்ணை ரிப்போர்ட்டில் குறித்து, மருத்துவமனை எத்தனை வருஷம் வைத்திருக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது மேல்.

பிளாக் கெட்டுப்போகும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஈறு-கன்னப் புற்றில் தாடை எலும்பும் சேர்ந்தே வரும். எலும்பை மெலிதாகச் சீவ, அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பை நீக்குவார்கள். அந்த அமிலம் டிஎன்ஏவைத் தின்றுவிடும், அந்தப் பிளாக்கில் பிறகு எந்த மரபணுப் பரிசோதனையும் சரியாக வராது. மென்திசுவில் உள்ள கட்டியை எலும்போடு சேர்க்காமல் தனிப் பிளாக்காக வைக்கும்படி முன்கூட்டியே பதாலஜிஸ்டிடம் சொல்ல வேண்டும். எலும்புக்குள்ளேயே கட்டி இருந்தால் அமிலத்துக்குப் பதில், சுண்ணாம்பை மெதுவாக நீக்கும் இடிடிஏ என்ற ரசாயனம். அது வாரக்கணக்கில் எடுக்கும், ஆனால் டிஎன்ஏ தப்பும். ஃபார்மலின் 10 சதவீதம், பஃபர் செய்தது, திசுவைப் போலப் பத்து மடங்கு அளவு இருக்க வேண்டும். 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊற வேண்டும். பெரிய துண்டை வெட்டாமல் சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால் ஃபார்மலின் உள்ளே இறங்காமல் நடுப்பகுதி அழுகிவிடும். அதிக நாள் ஊறினால் டிஎன்ஏ துண்டு துண்டாகி, சி எழுத்து டி ஆகப் படிக்கப்பட்டு, இல்லாத பழுது இருப்பதாக ரிப்போர்ட் வரும். லேபுக்கு அனுப்பும் பிளாக்கில் புற்றணுக்களின் பங்கு குறைந்தது 20 சதவீதம் இருக்கிறதா என்று பதாலஜிஸ்ட் வட்டமிட்டுத் தர வேண்டும்.

ஓரத்தின் மரபணுச் சோதனை: சரியான யோசனை, கையில் கிடைக்காத பொருள்

நுண்ணோக்கியில் சுத்தமாகத் தெரியும் ஓரத்தில் பழுதான டிஎன்ஏ ஒளிந்திருக்கிறதா என்று பார்ப்பதே இருப்பதில் நேரடியான வழி. 1995இல் ஓரம் சுத்தம் என்று சொல்லப்பட்ட 25 பேரைச் சோதித்தார்கள். 13 பேரின் ஓரத்தில் கட்டியின் அதே பி53 பழுது இருந்தது, அவர்களில் 5 பேருக்கு அதே இடத்தில் புற்று திரும்பியது. பழுது இல்லாத 12 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. 2011இல் சாதாரணமாகத் தெரிந்த ஓரங்களிலேயே எம்எம்பி1, சிஓஎல்4ஏ1, பி4ஹெச்ஏ2, டிஹெச்பிஎஸ்2 என்ற நான்கு மரபணுக்களின் அளவு கூடியிருந்தால் அபாயம் என்று கனடாவிலிருந்து ஒரு குழு காட்டியது. இத்தனை காலமாகியும் இது வழக்கமான சேவையாக வரவில்லை. முடிவு வருவதற்குள் காயம் ஆறி, ஒட்டுத்தசை வைத்து மூடியாகிவிடும். எந்த மில்லிமீட்டரை மறுபடி வெட்டுவது என்று தெரியாது. பழுதுள்ள செல் எல்லாம் புற்றாவதும் இல்லை.

மார்க்கர் சரியாக இருந்தும் மருந்து இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2016இல் வெளிவந்த எபோக் ஆய்வைப் பார்க்கலாம். வாயில் வெண்படலம் போன்ற மாற்றம் உள்ளவர்களில், 3ஆம், 9ஆம் குரோமோசோம்களின் குறிப்பிட்ட பகுதிகள் தொலைந்திருக்கின்றனவா என்று பார்த்தார்கள். தொலையாதவர்களில் 87 சதவீதம் பேரும் தொலைந்தவர்களில் 74 சதவீதம் பேரும் மூன்று வருஷம் வாய்ப்புற்று இல்லாமல் இருந்தனர். மார்க்கர் நன்றாகவே பிரித்துக் காட்டியது. அபாயம் உள்ளவர்களுக்கு எர்லோட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்ததில் பலன் ஒன்றும் இல்லை.

சிடிடிஎன்ஏ: நம்பிக்கை இங்கேதான், நிபந்தனைகளோடு

வசதி இருந்து ஒன்றே ஒன்று செய்வதென்றால் இதைத்தான் சொல்லலாம். இதிலும் நோயாளியின் கட்டியை முதலில் படித்து, அதில் உள்ள பழுதுகளைப் பின்தொடரும் வகை மட்டும். எல்லாருக்கும் பொதுவான பேனலை இரத்தத்தில் ஓட்டுவது வேண்டாம். ஏனென்றால், 10 மி.லி. இரத்தத்தில் நான்கைந்து மி.லி. பிளாஸ்மா கிடைக்கும். அதில் கிடைக்கும் டிஎன்ஏ சில பத்து நானோகிராம். ஒரு நானோகிராமில் சுமார் 300 மரபணுத் தொகுதிப் படிகள். 20 நானோகிராம் என்றால் 6,000 படிகள். பத்தாயிரத்தில் ஒன்று கட்டியுடையது என்றால், ஒரே ஒரு பழுதைத் தேடும்போது அந்தக் குழாயில் அது இல்லாமலே போகலாம். 16 அல்லது 48 பழுதுகளைச் சேர்த்துத் தேடினால் ஏதோ ஒன்று சிக்கும். 2022இல் வந்த லயனஸ் ஆய்வில் பி16 நெகட்டிவ் நோயாளிகள் 17 பேரை இப்படிப் பின்தொடர்ந்தார்கள். நோய் திரும்பியவர்களில், மருத்துவர் கண்ணுக்குத் தெரிவதற்கு 108 முதல் 253 நாள் முன்பே இரத்தத்தில் தெரிந்தது. எண்ணிக்கை சிறியது, ஆனால் திசை தெளிவானது.

குறை என்னவென்றால், இரத்தத்தில் தெரிந்து ஸ்கேனில் தெரியாதபோது என்ன செய்வது என்பதற்கு நிறுவப்பட்ட வழி இல்லை. செய்யக்கூடியது சீக்கிரம் ஸ்கேன் எடுப்பது, வாயையும் கழுத்தையும் அடிக்கடி பார்ப்பது. நெகட்டிவ் வந்ததென்று ரேடியேஷனைத் தவிர்ப்பது பெருந்தவறு, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கட்டியைப் படித்து அவருக்கென்று சோதனையை வடிவமைக்கச் சில வாரம் ஆகும். ஆபரேஷனிலிருந்து 6 வாரத்துக்குள் கரண்ட் (ரேடியேஷன்) வைக்கத் தொடங்கிவிட வேண்டும், இந்த ரிப்போர்ட்டுக்காக ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. திரும்பத் திரும்ப எடுத்தால்தான் பயன், செலவு இலட்சங்களில் போய் நிற்கும்.

எடுப்பதென்றால் முதல் குழாய் ஆபரேஷனுக்கு முன்னாலேயே எடுத்ததாக இருக்கட்டும். ஆபரேஷன் முடிந்த கையோடு அடுத்ததை எடுக்காதீர்கள். காயத்திலிருந்து சாதாரண டிஎன்ஏ இரத்தத்தில் கொட்டி, கட்டியின் டிஎன்ஏவை நீர்க்கச் செய்துவிடும். மூன்று நான்கு வாரம் போகட்டும். இரத்தம் உறையாமல் காக்கும் சாதாரண இடிடிஏ குழாய் என்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளணுக்கள் உடையும். தூர ஊருக்கு அனுப்புவதானால் செல் உடையாமல் காக்கும் தனிக் குழாய் வேண்டும். அதைக் கோடு வரை நிரப்பி, பத்து தடவை மெதுவாகக் கவிழ்த்து, குளிர்பெட்டியில் வைக்காமல் அறை வெப்பத்தில் அனுப்ப வேண்டும். அதன் தாங்கும் எல்லை 37 டிகிரி. சித்திரை வெயிலில் கூரியர் வண்டிக்குள் அதைத் தாண்டிவிடும், அதனால் காலையில் எடுத்து அன்றைக்கே ஏற்றிவிடுவது நல்லது. வெள்ளணுக்களையும் சேர்த்துப் படிக்கிறார்களா என்று லேபைக் கட்டாயம் கேளுங்கள். வயதானவர்களின் இரத்த அணுக்களிலேயே டிபி53 பழுது தானாக வரும். அதைக் கழிக்காவிட்டால் புற்று இல்லாதவருக்கும் பாசிட்டிவ் என்று ரிப்போர்ட் வந்துவிடும்.

எச்சிலையும் மறந்துவிட வேண்டாம். 2015இல் வந்த ஓர் ஆய்வில், வாய்க்குழிப் புற்று உள்ள 46 பேரின் எச்சிலிலும் கட்டியின் டிஎன்ஏ கிடைத்தது. கட்டி இருக்கும் இடத்திலேயே எடுக்கும் மாதிரி என்பதால் இது இயல்பு. ஊசியும் வேண்டாம். கழுத்து நெறிக்கட்டியிலோ நுரையீரலிலோ திரும்பினால் எச்சிலில் தெரியாமல் போகலாம், அதற்கு இரத்தம் வேண்டும். இரண்டையும் சேர்த்துப் பின்தொடரும் சேவை வழக்கத்துக்கு வந்தால், அதற்கு முதல் ஆளாகக் காசு கொடுக்கச் சொல்லலாம்.

அதுவரை, பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும் நோய் இது என்பதால், முதல் வருஷம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இரண்டாம் வருஷம் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் விரலை விட்டு வாயையும் கழுத்தையும் தடவிப் பார்க்க வேண்டும். கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களுக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டு டிஎஸ்ஹெச் பார்க்க வேண்டும். வாய் திறக்கும் அளவை முதல் மாதத்திலிருந்தே ஸ்கேலால் அளந்து எழுதி வையுங்கள். அது குறைந்துகொண்டே வந்தால், தழும்பு இறுகினாலும் சரி, நோய் திரும்பினாலும் சரி, அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.